புறங்கையில் ஒரு தாழம்பூ

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியாக நுழைந்து டாட்டூ கடையின் தரையில் சாய்ந்து கிடக்கிறது. முதஸ்ஸிர் கைபேசித் திரையைத் தள்ளித் தள்ளிப் பூக்களைக் காட்டுகிறான். "தாமரைன்னா மனசு சுத்தம்கா. ரோஜான்னா லவ். லில்லி, செத்துப்போனவங்க ஞாபகத்துக்குப் போட்டுக்குவாங்க." எதிரே உட்கார்ந்திருக்கும் இந்திராணி எதையும் பார்க்கவில்லை. தறியிலிருந்து எழுந்து நேராக வந்திருக்கிறாள். முந்தானையில் ஒட்டிய சரிகைத் துணுக்கு ஒன்று வெயிலில் மின்னுகிறது. "தாழம்பூ போடுவியாப்பா?" என்கிறாள். "புடவைக் கரையில நெய்வீங்களே, அதுவா? நல்லாத்தான் இருக்கும். அதுக்கு என்னா அர்த்தம்னுதான் தெரியல."

அவள் மடியில் போன் அதிர்கிறது. கணவன் மயில்வாகனத்தின் குரல் அவள் காதையும் தாண்டி வெளியே கேட்கிறது. "நாளைக்கு கோர்ட்ல கேட்டா, அன்னிக்கு காரை தம்பி ஓட்டல, வூட்லதான் இருந்தான்னு சொல்லிடு. செத்தவன் திரும்பி வரப்போறானா? நம்ம தம்பி உன் வாயை நம்பித்தான் இருக்குறான்." "சரி" என்று சொல்லி அணைக்கிறாள். முதஸ்ஸிர் மை ஊற்றுவதை நிறுத்தியிருக்கிறான். மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டே சுற்றுகிறது.

"சிவனோட தலையைப் பார்த்துட்டேன்னு பிரம்மா பொய் சொன்னப்போ, ஆமாம்னு சாட்சி சொன்ன பூப்பா அது. அதனாலதான் ஏகாம்பரநாதருக்கு அதை வைக்க மாட்டாங்க."

"அதைப் போயி ஏன்கா? போட்டா அழியாது."

கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, அவள் வலது கையை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறாள்.

"புறங்கையில போடுப்பா. கும்பிடறப்போ சாமிக்குத் தெரியணும்."