சாட்சிக் கையெழுத்து

தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்து அடுக்கிய மலக்கி டூஹி, ஓய்வுபெற்ற மறுவாரம் அயர்லாந்தின் ஸ்லைகோ நகர ஓய்வூதிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பெண்டாட்டி பிள்ளைங்களுக்குன்னு உங்க சம்பளத்துல பிடிச்சதெல்லாம் திரும்பி வந்துரும் சார்,” என்றார் குமாஸ்தா. “உங்களுக்குத்தான் யாரும் இல்லையே. கல்யாணம்?”

“ஆகல.”

“குழந்தை? எப்பவாவது?”

மலக்கியின் பேனா நின்றது.

“இல்லைன்னு எழுதுங்க, மிஸ்டர் டூஹி,” என்றாள் பக்கத்தில் இருந்த நூலா. எழுதினார்.

“சாட்சி நீங்கதானேம்மா? இவருக்கு நீங்க என்ன உறவு?”

“இவர் வீட்டு மாடியில குடியிருக்கேன். இருபத்தாறு வருஷமா.”

“அப்ப உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?” குமாஸ்தா சிரித்தபடி படிவத்தை நகர்த்தினார். இவருக்கு மனைவியோ குழந்தையோ எக்காலத்திலும் இருந்ததில்லை என்ற வரியின் கீழே நூலா கையெழுத்திட்டாள்.

வெளியே தூறல். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

ஓரத்திலிருந்த சின்னக் கல்லில் ‘ஓர்லா, மூன்று வயது’ என்று மட்டும் இருந்தது. அப்பா பெயர் இல்லை. நூலாவை விட்டு லண்டனுக்கு ஓடிய புருஷன் இன்னும் உயிரோடிருந்தான்; அயர்லாந்தில் அப்போது விவாகரத்துக்குச் சட்டம் இல்லை.

வாராவாரம் இங்கே வந்ததும், “ஓர்லா, அப்பா வந்திருக்கேண்டா,” என்பார் மலக்கி. இன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“சொல்லு மலக்கி,” என்றாள் நூலா. “குழந்தை காத்துக்கிட்டிருக்கும்.”

“ஓர்லா, நான் வந்திருக்கேண்டா,” என்றார்.