எந்தப் பாகம் முதலில்?

சின்னாளபட்டிக்குப் பெண் பார்க்க வந்த யுவராஜ், அம்மாவை மட்டும்தான் கூட்டி வந்திருந்தான். கூட்டம் சேர்ப்பது அவனுக்குப் பிடிக்காதாம்.

தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பியதும் லோகேஸ்வரியே ஆரம்பித்தாள்.

"நீங்க வீடியோ கேம் நெறைய ஆடுவீங்களாமே? கிரேக்க சாமிகளோட சண்டை போடுற கேம் ஒண்ணு பாகம் பாகமா வருதுல்ல, அதை வாங்கலாம்னு இருக்கேன். புதுசா வந்த பாகத்துல இருந்தே ஆரம்பிக்கட்டுமா?"

யுவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோயம்புத்தூர் ஆபீசில் இந்த விஷயத்தில் அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

"ஐயையோ, அந்தத் தப்பை மட்டும் பண்ணிராதீங்க! வெளிவந்த வரிசையிலதான் ஆடணும். முதல் பாகத்தை முழுசா முடிக்காம அடுத்ததைத் தொடவே கூடாது."

"பழசு போரடிச்சா?"

"அடிச்சாலும் முடிக்கணும். பாதியில விட்டுட்டுப் புதுசுக்குத் தாவுறவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒழுக்கம்னு ஒண்ணு வேணாமா?"

அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். இம்புட்டு அடக்கமான பெண்ணா என்று பூரித்துப்போன யுவராஜ், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டான்.

"வச்சுக்கிரலாம்ங்க. ஒரே ஒரு சந்தேகம். நேத்து ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணுனாங்க. உங்க சம்சாரமாம். விவாகரத்துக்கு நீங்க இன்னும் கேஸே போடலையாமே? அதான், நேர்லயே வரச் சொல்லிட்டேன்."

யுவராஜ் வாயைத் திறப்பதற்குள், கீழே அவன் அம்மா அலறுவது கேட்டது.

"நீ எங்கடி இங்க வந்த?"