முகவரி மாறிய மாப்பிள்ளை

“ஏப்பா கிறிஸ்துராஜு, எம் மகன் பேரைத் தட்டினா எவன் கல்யாணத்தையோ காட்டுது உங்க கம்ப்யூட்டரு!”

வேடசந்தூர் இன்னாசியம்மாள் போட்ட சத்தத்தில் அந்தத் திருமணத் தகவல் மையத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உரிமையாளர் கிறிஸ்துராஜ் ஓடிவந்தார். அவள் மகன் பெயரான ‘ரொனால்டு’ என்று அழுத்தினால் மாப்பிள்ளையின் விவரம் வரவேண்டும். ‘மணமுடித்தவர்கள்’ என்ற பக்கம் வந்து நின்றது.

“என்னம்மா முனீஸ்வரி இது? இன்னைக்கு எல்லா லிங்க்கும் சரியாகணும். இல்லேன்னா நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

முனீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சின்னாளப்பட்டித் தறிக்காரர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

“சகாயராணிங்கிற பேரை நீங்க மூணு விதமா இங்கிலீஷ்ல அடிச்சு வெச்சிருக்கீங்க சார். ஞானஸ்நானம் ஒண்ணு, ஸ்பெல்லிங் மூணு. லிங்க்ல ஒரு பேரு, பக்கத்துக்கு வேற பேரு. அப்புறம் எப்படிக் கிடைக்கும்?”

“வாய் மட்டும் பழனி வரைக்கும் நீளுது” என்று முனகிக்கொண்டே நகர்ந்தார்.

பெயரைப் பக்கத்தின் முகவரியாக வைக்கிற வம்பே வேண்டாம் என்று முனீஸ்வரி ஆளுக்கொரு எண் கொடுத்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட இல்லை. இதை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். காணாமல் போன சகாயராணி திரும்பி வந்தாள். பிரிஸ்கில்லாவை அழுத்தினால் மீசையோடு வந்துகொண்டிருந்த பிரான்சிஸும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இன்னாசியம்மாள் நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள்.

“செத்த வெரசாப் பாரு தாயி. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளையா, அடக்கமா இருந்தாப் போதும் எங்களுக்கு. அம்புட்டுப் படிச்சுப்புட்டு, ஒன்னைய மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு பேசுறதெல்லாம் ஒத்து வராது.”

“உங்க மகனுக்கு எப்படிப் பொண்ணு வேணுமாம்?”

“அவன்ட்ட என்னத்தக் கேக்குறது? வாயில்லாப் பூச்சி. நான் சொன்னாத் தலையாட்டுவான்.”

“ஆமா, தலையை மட்டுந்தான் ஆட்டத் தெரியும் போல” என்று முனீஸ்வரி விசைப்பலகையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “முடிஞ்சுது சார். வந்து பாருங்க.”

கிறிஸ்துராஜ் ஒவ்வொரு பெயராக அழுத்தினார். எல்லாம் சரி. கடைசியாக ரொனால்டு. மறுபடியும் ‘மணமுடித்தவர்கள்.’

“ஏம்மா, இதுக்குத்தானே இம்புட்டுச் சத்தம்! இந்தத் தப்பை மட்டும் விட்டுட்டியே?”

“தப்பு இல்ல சார். போக வேண்டிய எடத்துக்குத்தான் போகுது.”

முனீஸ்வரி நாற்காலியைத் திருப்பி இன்னாசியம்மாளை நேருக்கு நேர் பார்த்தாள்.

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாங்க கையெழுத்துப் போட்டு ஒரு மாசமாச்சு. உங்க மகன் இன்னும் வீட்ல சொல்லலையா, அத்தை?”