அப்பாவாக இருந்த கவசம்

நான் ஒரு ஜப்பானியப் பிரபுவின் போர்க்கவசம். போர் எதையும் பார்த்ததில்லை. முகமூடியில் மீசை மட்டும் பயங்கரமாக இருக்கும். வயிற்றுக்குள் ஒரு எலி குடியிருந்தது.

பிரபுக்கள் ஒரு வருடம் தலைநகரிலும் மறு வருடம் தங்கள் நாட்டிலும் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மனைவி மக்கள் மட்டும் எப்போதும் தலைநகரில்தான், பிணையாக. எங்கள் பிரபு ஊருக்குக் கிளம்பியபோது மகன் கிகுமாரு அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அதன்பிறகு அவன் அம்மா தினமும் காலையில் என் முன்னால் அவனை உட்காரவைத்து, "அப்பாவுக்கு வணக்கம் சொல்லு கண்ணா" என்பாள். அவனும் நெற்றி தரையில் பட வணங்குவான்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"பையன் அப்படியே என் ஜாடை, பார்த்தாயா?" என்றேன் எலியிடம்.

"மீசையைத்தான் காணோம்."

"அதெல்லாம் வரும்."

வருடம் முடிந்து பிரபு திரும்பி வந்தார். கிகுமாரு மிரண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

"அப்பா, இந்த மாமா யாரு?"

"சொல்லுங்களேன், அப்பா!" என்றது எலி, உள்ளேயிருந்து.

மனிதர்களிடம் பேச எனக்கு ஏது வாய்? பிரபு மெல்ல வந்து மகன் பக்கத்தில் மண்டியிட்டார். அவனைப் போலவே நெற்றி தரையில் பட என்னை வணங்கினார்.

வயிற்றில் எலி இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.