இரண்டு மாலைக்குப் பூ

விடியும்போதே அம்சவேணி செவ்வந்தித் தொட்டிகளின் மேல் குனிந்திருந்தாள். ஆடி முழுக்க இதே வேலைதான்.

"மாலை போட அத்தனை அவசரமா கண்ணு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாவாயி.

அம்சவேணி விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

தாய்மாமன் மாதேஸ்வரன் அவளை இரண்டாந்தாரமாகக் கேட்டிருந்தான். முறைக்காரன் கேட்டால் மறுக்கிற வழக்கம் மலையில் இல்லை. துரை பங்களாவில் தோட்டவேலை செய்யும் அப்பா பொன்னன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எங்கூட்டுத் தொட்டிப் பூவுலதான் ரெண்டு மாலையும் கட்டோணுங்க. பூ தேறுற வருசம் கல்யாணத்த வெச்சுக்கலாம்."

கார்த்திகையில் இலையே தெரியாமல் பூத்துக் கொட்டியது. மாதேஸ்வரன் மேளத்துக்குச் சொல்லிவிட்டான்.

அம்சவேணி அப்பாவின் காலடியில் சரிந்தாள். "தெனமும் நுனியக் கிள்ளிப் போட்டேனுங்கப்பா. சாமையில நுனி போனாக் கதிரே வராது. இதும் பூக்காதுன்னு நெனச்சேன்."

பொன்னன் பூக்கூடையைக் கீழே வைத்தார்.

"செவ்வந்திய நுனி கிள்ளினா ஒரு கிளை நாலாகும் சாமி. பங்களாவுல நான் செய்யற வேலையே அதுதான். நம்மூட்டுல மட்டும் கைய வெக்காம விட்டேன். ஒரு மாலைக்குக்கூடத் தேறாதுன்னு நம்பித்தான் அவனுக்கு அப்படி வாக்குக் கொடுத்தேன்."