யார் போகச் சொன்னது?

“கட். இப்படி மழுப்பினா யாரு பார்ப்பாங்க?” என்றார் டைரக்டர், ஸ்டாண்டில் மாட்டிய செல்போனுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி.

டைரக்டர் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்த பட்டப்பெயர். செல்போன் கைக்கு வந்ததும் குரலில் ஏறிக்கொண்ட அதிகாரத்துக்கு அது ரொம்பவே பொருத்தம்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியாகிவிட்டது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருக்க, ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி கணவன் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்திருந்தான். கை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

பாலூட்டும் தாய்மார்களுக்கான உடைகளைத் தைத்து விற்கிறாள் அவள். மடிப்புக்குள் ஜிப் மறைந்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், எதிரே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. உடை அருமைதான், வாங்கத்தான் ஆள் இல்லை. துணி, நிறம், அளவு என்று அவள் போட்ட வீடியோக்களை அவளே திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் மிச்சம். இதுவும் எடுபடவில்லை என்றால் மெஷினை மூடிவைத்துவிட்டுப் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

“துணியை யாரு வேணும்னாலும் காட்டலாம். உனக்கு இது ஏன் தோணுச்சு, அதைச் சொல்லு. அந்தக் கதை உன்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அதான் சொன்னேனே. ஒரு விசேஷத்துக்குப் போனோம், பாப்பா அழுதா, உட்கார இடம் கிடைக்கல…”

“இடமா கிடைக்கல? கூடம் நிறைய நாற்காலி இல்ல கிடந்துச்சு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அந்தப் பேச்சு வேணாமே. குடும்பத்துக்குள்ள நடந்தது. ஊரே பார்க்கும்.”

“ஊரு பார்க்கத்தானே எடுக்கிறோம்? யார் போகச் சொன்னது?”

கணவன் போர்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

“என் மாமியார்.”

“எங்கே? என்ன சொல்லி?”

“பாத்ரூமுக்கு. ‘நாலு பேர் இருக்கிற இடத்துல இதென்ன வெட்கங்கெட்ட வேலை’ன்னு.” பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போய்விட்டது.

“இவ்வளவு மெதுவாவா சொன்னது? கூடமே திரும்பிப் பார்க்கல?”

“பார்த்தாங்க.”

“அப்ப அதே மாதிரி சொல்லு.”

“நான் அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்,” என்றது போர்வை, யாரும் கேட்காமலேயே.

“அதையும் சேர்த்துச் சொல்லு,” என்றார் டைரக்டர் அவளிடம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது. நெஞ்சுக்குள் போட்டு அமுக்கி வைத்திருந்த பேச்சு. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். ஆனால் மாமியாரோடு இப்போதுதான் முகம் கொடுத்துப் பேசிச் சிரிக்கும்படி ஆகியிருக்கிறது. இதைச் சொல்லப் போய் அதுவும் கெட்டுவிட்டால்?

“ரொம்ப யோசிக்காதே. இந்த நிமிஷம் எங்கேயோ ஒருத்தி பாத்ரூம்ல பிள்ளையோட உட்கார்ந்திருப்பா. அவகிட்ட பேசு.”

அவள் கேமராவைப் பார்த்தாள். இம்முறை மழுப்பவில்லை. மாமியார் சொன்ன வார்த்தையை மாமியார் சொன்ன சத்தத்திலேயே சொன்னாள். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்ததை, குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததை, வெளியே கேட்ட சிரிப்பை, கணவன் சாப்பிட்டதை, ஒன்று விடாமல் சொன்னாள். வயிறு நிறைந்த பாப்பா தன்னைப் பார்த்துச் சிரித்தபோது தான் விம்மி அழுததையும் சொன்னாள்.

“அந்த வாளி மேல உட்கார்ந்துதான் இந்த உடையை முதல்ல மனசுல தைச்சேன். நீங்க யாரும் அங்கே போய் உட்கார வேணாம்.”

சொல்லி முடித்துக் காத்திருந்தாள். ‘கட்’ வரவில்லை.

“நல்லா வரலையா? இன்னொரு தரம் எடுக்கலாமா?”

“வேணாம். போதும்.” டைரக்டர் செல்போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் வெட்டவில்லை. பதிவேற்றும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

அவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“ஒரு நிமிஷம் இருங்க. பார்க்கிறவங்க சும்மா இருக்க மாட்டாங்க, வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க, அத்தை.”

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னால உன்னைப் போகச் சொன்னேன் இல்ல? இன்னிக்கு அத்தனை பேர் முன்னால நானும் வாங்கிக் கட்டிக்கிறேன், விடு,” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார் மாமியார்.