நீரூற்றுப் பக்கம் நாலு பேர்

"பூவப் பாக்கத்தான கூட்டியாந்த? வந்ததுலேர்ந்து கேட்டையே பாத்துக்கினு கீறியே நைனா?" என்று கேட்டாள் மகள் சம்பூர்ணம்.

"கடைசி பஸ்ஸு எப்பன்னு யோசிச்சிக்கினு இருந்தேம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் லோகநாதன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டி போகும் பெரிய சாலையில், பழைய ஜமீன் மாளிகை ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். உள்ளே போய்ச் சாப்பிடுவதெல்லாம் லோகநாதனைப் போன்ற நெல் விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். அதைப் பார்க்கத்தான் பள்ளிப்பட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பதாக மகளிடம் சொல்லி வைத்திருந்தார்.

உண்மை அது இல்லை. சம்பூர்ணத்தை இதுவரை மூன்று இடத்தார் வீட்டுக்கு வந்து பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை அவள் தலைப்பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "இனிமே எவன் முன்னாலயும் வந்து குந்த மாட்டேன்" என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து பெற்றவருக்குச் சோறு இறங்கவில்லை.

தரகர் துளசிராமன்தான் இந்த யோசனையைச் சொன்னார். "பொண்ணுக்குத் தெரியவே வேணாம். தோட்டத்துல தண்ணி பீச்சுதே, அதும் பக்கத்துல நில்லுங்க. அவங்களும் உங்கள மாதிரி நாலு பேரு, புள்ள ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. தற்செயலா பாத்துக்கினாப்புல பேசுங்க. பேரு, ஊரு, கல்யாணம் எதையும் எடுக்காதீங்க. நானும் வந்துடறேன்."

வந்துவிடுகிறேன் என்ற தரகரைத்தான் காணவில்லை. லோகநாதன் நீரூற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கொஞ்சம் ஒரு எடத்துல நில்லேன்யா, எனக்கே தல சுத்துது" என்றாள் மனைவி கெங்கம்மாள்.

அப்போதுதான் நாலு பேர் வந்தார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர், அவர் மனைவி, வாட்டசாட்டமான ஒரு பையன், ஒரு பெண். மீசைக்காரர் லோகநாதன் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"துளசிராமன் இன்னும் வரலீங்களா?"

லோகநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வந்துடுவாருங்க. நீங்க இப்பிடி குந்துங்க" என்று சிமெண்டு பெஞ்சியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"ஐயையோ, நீங்க மொதல்ல குந்துங்க" என்று மீசைக்காரர் பதறிப்போய் நின்றார். கடைசியில் இரண்டு பேருமே உட்காரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ற மிதப்பு கொஞ்சமும் இல்லையே என்று லோகநாதன் நெகிழ்ந்துபோனார்.

வசதிக்கும் குறைவில்லை போலிருந்தது. மாப்பிள்ளையின் தங்கையே அரக்குப் பட்டுப் புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தாள். பட்டுக் கட்டச் சொன்னால் சந்தேகப்படுவாள் என்று சம்பூர்ணத்தைச் சாதாரண நூல் புடவையில் அழைத்து வந்த தன் புத்தியை லோகநாதன் நொந்துகொண்டார்.

மீசைக்காரரின் மனைவி தன் மகளின் கையில் அதிரச டப்பாவைக் கொடுத்து எல்லோருக்கும் தரச் சொன்னாள். பிறகு லோகநாதனின் மகன் முனிகிருஷ்ணனிடம், எந்தக் கம்பெனியில் வேலை, எங்கே சாப்பாடு, காரம் ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் ஆகப்போகிறவன் மேலேயே இவ்வளவு அக்கறை என்றால், மருமகளை எப்படித் தாங்குவாள்!

எல்லாம் சரி, மாப்பிள்ளைதான் பிடி கொடுக்கவில்லை. குளத்து வாத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், சம்பூர்ணத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சம்பூர்ணம், இந்தாண்ட வந்து நின்னு அந்த வாத்தப் பாரும்மா" என்று மகளை அவன் எதிரில் நிறுத்தினார் லோகநாதன். அவன் அவளை ஒரு தரம் பார்த்தான்.

"இங்க சோடா எங்க விக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, வழி தெரிந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டான்.

லோகநாதன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். இதுவும் போச்சா? வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சொல்லாமல் சொல்கிறானா? மகள் வாத்துக்கு அதிரசத்தைக் கிள்ளிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகிவிட்டது.

பொழுது சாயத் தொடங்கியதும் மீசைக்காரர் லோகநாதனின் தோளைத் தொட்டு, "ஒரு நிமிசம் இப்பிடி வாங்க" என்று குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார். இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது.

கையைக் கூப்புகிறாரே, அவ்வளவுதான் என்று லோகநாதன் முடிவு கட்டிவிட்டார். மகள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் மீசைக்காரர். "தரகர் வர்ற வரிக்கும் பேசக்கூடாதுதான். ஆனா வந்ததுலேர்ந்து நான் வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு நிக்கிறேங்க."

"எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க" என்றார் லோகநாதன், செடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"உங்க பையனுக்கு எங்க பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?"